டெரிலின் போன தூரம்

2024 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை கிரீம்ஸ் சாலை அப்போலோ மருத்துவமனை ஒரு பத்தி அளவில் அறிக்கை ஒன்றை வெளியிட்டது. முந்தைய நாள் அங்கே சேர்க்கப்பட்ட நடிகர் ரஜினிகாந்துக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியில் வீக்கம் இருந்தது. அறுவை சிகிச்சை செய்யாமல் ரத்தக்குழாய் வழியாகவே போய், மூத்த இதய மருத்துவர் சாய் சதீஷ் ஒரு ஸ்டென்ட் வைத்து அந்த வீக்கத்தை முழுவதுமாக அடைத்துவிட்டார். இரண்டு நாளில் வீடு திரும்புவார். அவ்வளவுதான் செய்தி. ரசிகர்கள் மூச்சுவிட்டார்கள். அவர் நடித்த ‘வேட்டையன்’ படம் குறித்த தேதியில், 10ஆம் தேதி, திரைக்கு வந்தது.

ஆனால் ஊருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. ஸ்டென்ட் என்றால் அடைப்பை எடுக்க வைப்பதாயிற்றே, அதை வைத்து எப்படி ஒன்றை அடைப்பார்கள்? நியாயமான கேள்விதான். இதயக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் வெறும் கம்பி வலை. சுருங்கிய குழாயை விரித்துப் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. வலையில் ஓட்டை உண்டு, ரத்தம் கசியும். வீங்கிய குழாயை உள்ளிருந்து மூட வேண்டுமென்றால் வலையின் மேல் ஒரு துணி வேண்டும். ரஜினிகாந்துக்கு வைத்தது எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று அறிக்கை சொல்லவில்லை. அது நமக்குத் தேவையுமில்லை. பெருந்தமனி வீக்கத்தைக் குழாய் வழியாக மூடும் கருவிகளின் குடும்பத்துக்கு ‘ஸ்டென்ட் கிராஃப்ட்’ என்று பெயர். அதில் ஸ்டென்ட் கம்பி, கிராஃப்ட் துணி. கம்பியின் கதையைப் பலரும் சொல்லிவிட்டார்கள். துணியின் கதைதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. ஏனென்றால் அது தி.நகருக்குப் பழக்கமான துணி.

அறுபது, எழுபதுகளில் மாப்பிள்ளைக்கு டெரிலின் சட்டை எடுப்பது ஒரு கௌரவம். கசங்காது, இஸ்திரி வேண்டாம், துவைத்தால் அரை மணியில் காயும். வேர்வையில் உடம்போடு ஒட்டும் என்பதை யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அந்தத் துணி 1941இல் இங்கிலாந்தில் பிறந்தது. மான்செஸ்டரின் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷனில் வேலை பார்த்த ஜான் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் கண்டுபிடித்த பாலியெஸ்டர் இழைக்கு அங்கே டெரிலின் என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் அதே இழையை டேக்ரான் என்று விற்றது. பாண்டிபஜாரில் சட்டையான அதே சரக்குதான் இன்னொரு வழியில் போய் மனிதர்களின் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் குடியேறியது.

அந்த இன்னொரு வழி தொடங்குவதற்கு முன் வைத்தியர்கள் எவ்வளவு கையறு நிலையில் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். பெருந்தமனி இதயத்தின் இடப்பக்கத்திலிருந்து மேலே கிளம்பி, வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றில் அதன் சாதாரண விட்டம் சுமார் 2 சென்டிமீட்டர். சுவர் பலவீனப்பட்டு அது 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் வீக்கம் என்கிறார்கள். ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரைத் தொட்டால் சும்மா விடக்கூடாது என்பது கணக்கு. பெரும்பாலும் வலி கிடையாது, அறிகுறி கிடையாது. வெடித்தால் பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை, அவர்களில் பலர் ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்ப்பதில்லை.

1948இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்த ருடால்ஃப் நிஸ்ஸன் அங்கே இப்படி ஒரு வீக்கத்தைப் பார்த்தார். அதை வெட்டி எடுத்து வேறு குழாய் வைக்க அன்றைக்கு வழியில்லை. செலஃபேன் தாளை எடுத்து வீக்கத்தைச் சுற்றிவிட்டார். தாள் உறுத்தி, சுற்றிலும் தழும்பு தடித்து, அந்தத் தழும்பு வீக்கத்தைத் தாங்கும் என்பது நம்பிக்கை. ஆறு வருஷத்துக்கும் மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் கசியத் தொடங்கியபோது மறுபடி அறுவை செய்யலாம் என்றார்கள். ஐன்ஸ்டைன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 18ஆம் தேதி இறந்துபோனார், வயது 76.

அந்த இடைவெளியில் உலகம் மாறியிருந்தது. 1951இல் பாரிஸில் சார்ல் துபோஸ்ட், இறந்த ஒருவரின் தமனியை எடுத்து இன்னொருவரின் வீங்கிய தமனி இருந்த இடத்தில் வைத்துத் தைத்தார். ஆனால் தேவைப்படும்போதெல்லாம் இறந்தவரின் தமனிக்கு எங்கே போவது? நியூயார்க்கின் கொலம்பியா பல்கலையில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர் வேறு ஒன்றைக் கவனித்திருந்தார். ஒரு நாயின் இதயத்துக்குள் தவறுதலாகத் தங்கிவிட்ட பட்டு நூலின் மேல் சில மாதங்களில் பளபளப்பாக ஒரு மெல்லிய திசு படர்ந்திருந்தது. நூலின் மேல் படரும் என்றால் துணியின் மேலும் படரும்தானே? ஒரு பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகத் தைத்து நாய்க்கு வைத்துப் பார்த்தார். பிறகு பாராசூட் துணிக்கு மாறினார். 1952இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பெருந்தமனிக்கு முதல் ஜவுளி பட்டு என்பதில் பனகல் பார்க் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அந்தப் பெருமை நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பாலியெஸ்டர் உள்ளே வந்தது கடையில் சரக்குத் தீர்ந்துபோனதால். ஹூஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி நைலான் வாங்கத்தான் ஃபோலீஸ் என்ற பெரிய கடைக்குப் போனார். நைலான் இல்லை, புதிதாக டேக்ரான் வந்திருக்கிறது என்றார் கடைக்காரர். வாங்கிக்கொண்டு போய் மனைவியின் தையல் மெஷினில் உட்கார்ந்து குழாய் தைத்தார். தையல் அவருக்குச் சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்தது. 1954இல் அந்தக் குழாய் ஒரு நோயாளியின் வயிற்றுக்குள் போனது. நைலான் நாளாக நாளாக உடம்புக்குள் வலு இழக்கும் என்பது பின்னால் தெரிந்தது. பாலியெஸ்டர் அப்படியே நின்றது. அன்றைக்கு ஃபோலீஸில் நைலான் இருந்திருந்தால் எத்தனை பேர் வயிறு மறுபடி திறக்கப்பட்டிருக்குமோ! அதே டிபேக்கிக்கு 97 வயதில், 2005இன் கடைசி நாளில், பெருந்தமனிச் சுவர் கிழிந்தது. 2006 பிப்ரவரியில் அவருடைய சீடர்களே நெஞ்சைத் திறந்து டேக்ரான் குழாய் வைத்தார்கள். பிழைத்து, 2008இல், நூறு வயதுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இறந்தார்.

துணி இப்படி ஜெயித்தாலும் அதை வைக்கும் விதம் கடுமையானது. மார்பெலும்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை திறந்து, குடலை ஒதுக்கி, பெருந்தமனியைக் கவ்வி ரத்தத்தை நிறுத்தி, மேலும் கீழும் கையால் தைக்க வேண்டும். வீக்கம் நெஞ்சிலிருந்து வயிறு வரை நீண்டிருந்தால் நெஞ்சையும் திறக்க வேண்டும். இந்த நோய் வருவதோ பெரும்பாலும் அறுபது, எழுபது தாண்டியவர்களுக்கு, புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்களுக்கு, ஏற்கெனவே இதயம் பழுதானவர்களுக்கு. அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்குத்தான் அறுவை அதிகம் தேவைப்பட்டது.

வெட்டாமல் துணியை உள்ளே அனுப்பும் யோசனையை முதலில் மனிதருக்குச் செய்துகாட்டியவர் சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரத்து நிகொலாய் வொலோடொஸ். 1987இல் ஒருவருடைய நெஞ்சுப் பெருந்தமனிக்குள், தொடைத் தமனி வழியாக, கம்பிச் சுருள் தைத்த துணிக்குழாயைக் கொண்டுபோய் நிறுத்தினார். கட்டுரையை ரஷ்ய மொழியில் எழுதினார். மேற்குலகம் படிக்கவில்லை. உலகின் பல பாடப்புத்தகங்களில் ‘முதல்’ என்ற இடத்தில் நெடுநாள் இருந்த பெயர் புவெனஸ் ஐரஸ் நகரத்து ஹுவான் பரோடியுடையது. அவரைக் குறைசொல்ல முடியாது. அவர் தனியாகத்தான் யோசித்தார், 1976இலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் குறைந்தது குழாயின் நுனியைத் தமனிச் சுவரோடு பிடித்து நிறுத்தும் ஒரு சாதனம். அதைக் கொடுத்தவர் இன்னொரு அர்ஜென்டினாக்காரர், அமெரிக்காவில் குடியேறிய ஹூலியோ பால்மாஸ். வீட்டு கராஜில் கொத்தனார் விட்டுப்போன கம்பி வலைத் தகட்டைப் பார்த்து அவருக்கு ஸ்டென்ட் தோன்றியதாகச் சொல்வார்கள். 1990 செப்டம்பரில் பரோடி, டேக்ரான் குழாயின் தலைப்பில் பால்மாஸின் ஸ்டென்ட்டைத் தைத்து, மடக்கி உறைக்குள் திணித்து, இடுப்பு மடிப்பில் தமனியைத் திறந்து மேலே ஏற்றினார். பலூனை ஊதியதும் ஸ்டென்ட் விரிந்து சுவரில் பதிந்தது. அதற்கப்புறம் ரத்தம் துணிக்குள் ஓடியது. வெளியே பழைய வீக்கம் அழுத்தம் இழந்து சும்மா கிடந்தது.

பலூன் ஊதி விரிக்கும் எஃகுக்குப் பதிலாகத் தானே விரியும் கம்பி ஒன்று பின்னர் வந்தது. அது அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில், ஏவுகணையின் மூக்குக்கு உலோகம் தேடிய வில்லியம் பியூலரிடம் பிறந்த நிக்கல்-டைட்டானியக் கலவை. 1961இல் ஒரு கூட்டத்தில் அதன் மடித்த பட்டையைக் கைக்குக் கை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் லைட்டரைக் காட்டினார். பட்டை தன்னால் நீண்டு நேரானது. நிட்டினால் என்று பெயரிட்டார்கள். உடம்பின் சூட்டில் தன் பழைய உருவத்துக்குத் திரும்பும் கம்பி. இன்றைய ஸ்டென்ட் கிராஃப்ட்களில் பெரும்பாலானவற்றின் எலும்பு அதுதான். துணி மட்டும் அதிகம் மாறவில்லை. பாலியெஸ்டர், அல்லது நீட்டி இழுத்த டெஃப்லான். பல ரகங்களில் கம்பி வளையங்களைத் துணியோடு இணைப்பது இன்றைக்கும் ஊசியும் நூலும்தான், பூதக்கண்ணாடிக்கு அடியில், மனிதக் கை.

1999 செப்டம்பரில் அமெரிக்காவில் இரண்டு கருவிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதில் ஒன்றான ஆன்க்யூரின் கதை நல்லபடியாகப் போகவில்லை. உள்ளே கொண்டுபோகும் குழாய் சிலருக்கு நடுவழியில் சிக்கிக்கொண்டது. எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. தயாரித்த நிறுவனம் ஆயிரக்கணக்கான கோளாறுகளை அரசுக்குச் சொல்லாமல் மறைத்தது. 2003இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 92.4 மில்லியன் டாலர் கட்டியது. ‘ஆபரேஷனே இல்லாத சிகிச்சை’ என்ற விளம்பர வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குதான் ஞாபகத்துக்கு வரும். வெட்டு சின்னதாக இருப்பதால் விஷயமும் சின்னது என்று ஆகிவிடாது.

சென்னைக்கு வருவோம். ரத்தக்குழாய்க்குள் புகுந்து வேலை பார்க்கும் கலை இந்த ஊருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. இந்தியாவின் முதல் கரோனரி ஆஞ்சியோபிளாஸ்டியை 1986இல் செய்தவர் என்று அறியப்படும் மாத்யூ சாமுவேல் களரிக்கல் அப்போலோவில் நெடுங்காலம் பணியாற்றியவர். பார்க் டவுன் பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைக்கென்றே தனித்துறை நடந்துவருகிறது. அதன் தலைவராக இருந்த ஜெ. அமலோற்பவநாதனைத் தமிழ்ப் பத்திரிகை வாசகர்கள் உறுப்புதானத் திட்டத்தின் வழியாக அதிகம் அறிவார்கள். வடபழனி சிம்ஸில் பெருந்தமனி அறுவைக்கென்றே பெயர்பெற்ற வி.வி. பாஷியின் பிரிவு இருக்கிறது. ஆழ்வார்பேட்டை, கிரீம்ஸ் சாலை, மணப்பாக்கம் என்று கேத்லேப்கள் பெருகிவிட்டன. ஆள் இருக்கிறார்கள், அறை இருக்கிறது, சரி. நோயாளி எப்படி வந்து சேர்கிறார் என்பதுதான் பிரச்சினை.

பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களை அரசே கூப்பிட்டு வயிற்றில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறது. நம்மிடம் அப்படித் திட்டம் எதுவும் இல்லை. இங்கே மயிலாப்பூர் மாடவீதிப் பெரியவர் ஒருவர் சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று ஸ்கேன் சென்டருக்குப் போவார். புராஸ்டேட்டைப் பார்க்கப் போன இடத்தில், ரிப்போர்ட்டின் கடைசி வரியில் பெருந்தமனி 6 சென்டிமீட்டர் என்று இருக்கும். அப்படித் தெரிந்தவர்கள் பாக்கியவான்கள். நம் நாட்டில் இன்னொரு வகையும் உண்டு. தகாயாசு என்ற அழற்சி நோய் இளம்பெண்களின் தமனிச் சுவரைக் கெடுக்கிறது. காசநோய்க் கிருமி தமனியை அரிப்பதும் உண்டு. மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தின் புகைபிடிக்கும் முதியவரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சென்னையில் வைத்தியம் பார்க்க முடியாது.

கருவிகளும் அந்த முதியவரின் அளவுக்குத் தைத்தவைதாம். மடக்கிய ஸ்டென்ட் கிராஃப்ட்டைச் சுமக்கும் உறை 18 பிரெஞ்ச், 20 பிரெஞ்ச் என்று இருக்கும். அதாவது ஆறு ஏழு மில்லிமீட்டர் கனம். ஒல்லியான தமிழ்ப் பெண்மணியின் இடுப்புத் தமனி அதைவிடக் குறுகலாக இருக்கலாம். சுண்ணாம்பு படிந்து வளைந்தும் இருந்தால், உறையை இழுக்கும்போது தமனியே கிழிந்து வரும் ஆபத்து உண்டு. அதனால் எங்கே வைப்பது என்பதற்கு முன் எந்த வழியில் ஏறுவது என்று மருத்துவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

வீக்கம் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே, ஒன்றரை சென்டிமீட்டர் நல்ல சுவர் விட்டுத் தொடங்கினால் வேலை சுலபம். ரெடிமேட் கிராஃப்ட் போதும். அந்த நல்ல சுவரில்தான் குழாயின் தலைப்பு பிடித்து நிற்கும். வீக்கம் மேலேறிவிட்டால்தான் சிக்கல். வயிற்றில் பெருந்தமனியிலிருந்து முக்கியமாக நான்கு கிளைகள் பிரிகின்றன: கல்லீரல், இரைப்பை, மண்ணீரல் பக்கம் ஒன்று, குடலுக்கு ஒன்று, சிறுநீரகங்களுக்கு இரண்டு. நான்கும் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள். அந்த இடத்தைத் துணியால் மூடினால் வீக்கம் அடைபடும், கூடவே குடல் அழுகும், சிறுநீரகம் நின்றுவிடும். மூட வேண்டும், மூடவும் கூடாது.

இதற்குத் தையற்காரர் மூளைதான் வழி சொன்னது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் அறுவை மருத்துவர் மைக்கேல் லாரன்ஸ்-பிரௌனும் எக்ஸ்ரே பிரிவைச் சேர்ந்த டேவிட் ஹார்ட்லியும் தொண்ணூறுகளில் சொந்தமாக கிராஃப்ட் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வட்டாரத்தில்தான், அடிலெய்டின் ஜான் ஆண்டர்சனும் சேர்ந்து, துணியில் ஜன்னல் வெட்டும் முறை வளர்ந்தது. கிளை பிரியும் இடத்துக்கு நேரே துணியில் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி நிட்டினால் வளையம். எக்ஸ்ரேயில் தெரிய ஓரத்தில் தங்கப் புள்ளிகள். ஓட்டை வழியாகக் கிளைக்குள் ஒரு சின்ன, துணி மூடிய ஸ்டென்ட் போகும். அதன் உள்விளிம்பைப் பலூனால் மடித்துவிட்டால் கசியாது. சான் பிரான்சிஸ்கோவின் டிம் சூட்டர் ஓட்டைக்குப் பதிலாகக் குட்டைக் கிளைகளையே துணியில் தைத்தார், சட்டைக்குக் கை வைப்பதைப் போல.

எல்லாம் அளவில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் சீவிய சி.டி. படத்தைக் கணினியில் நிமிர்த்தி வைத்து, மேல் விளிம்பிலிருந்து ஒவ்வொரு கிளையும் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி, சுற்றளவில் கடிகாரத்தின் எத்தனை மணிக்கு என்று குறிக்கிறார்கள். குடல் தமனி பன்னிரண்டு மணிக்கு, இடது சிறுநீரகம் மூன்றரைக்கு, வலது ஒன்பதேகாலுக்கு. அந்தக் குறிப்பை வைத்து பிரிஸ்பேனில் உள்ள குக் நிறுவனத் தொழிற்சாலையில் ஒரே ஒருவருக்காக ஒரே ஒரு கிராஃப்ட் தைப்பார்கள். அளவு போய், வரைபடம் வந்து, டாக்டர் சம்மதம் சொல்லி, தைத்து, கிருமி நீக்கி, கப்பலோ விமானமோ ஏறி வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அவசரமில்லாத நோயாளி காத்திருப்பார். முதுகுவலி ஆரம்பித்துவிட்டவர் காத்திருக்க முடியாது.

காத்திருக்க முடியாதவருக்கு டாக்டரே தையற்காரர் ஆகிறார். இதை உலகெங்கும் செய்கிறார்கள், இந்தியாவிலும் செய்கிறார்கள். நோயாளி பக்கத்து மேஜையில் மயக்கத்தில் இருக்க, ரெடிமேட் கிராஃப்ட் ஒன்றைக் கிருமி நீக்கிய இன்னொரு மேஜையில் உறையிலிருந்து பாதி வெளியே இழுக்கிறார்கள். அளவுகோல் வைத்துப் பேனாவால் குறிக்கிறார்கள். பேட்டரியில் ஓடும் சின்னச் சூட்டுக்கோலால் பாலியெஸ்டரில் ஓட்டை போடுகிறார்கள். கத்தரித்தால் பிசிறு கிளம்பும், சுட்டால் விளிம்பு உருகி ஒட்டிக்கொள்ளும். பட்டன் ஓட்டையை மெழுகுவர்த்தியில் காட்டித் தீய்த்த டெரிலின் காலத்து டெய்லர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றிலும் ஒரு கதிர்த்தடுப்புக் கம்பி வளையத்தை வைத்து நூலால் நெருக்கமாகத் தைக்கிறார்கள். பிறகுதான் நிஜமான பொறுமைச் சோதனை: விரிந்துவிட்ட கம்பிகளை ஒவ்வொன்றாக மடக்கி மறுபடி உறைக்குள் திணிப்பது. கம்பெனியின் பொறுப்பு அதோடு முடிந்தது, இனி எல்லாம் தைத்தவர் பொறுப்பு. இதை ஒட்டுவேலை என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிபேக்கி மனைவியின் மெஷினில் செய்ததன் தொடர்ச்சி இது. ஆனால் இதைச் செய்ய நிறையச் செய்து பழகிய கை வேண்டும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் செய்யும் இடத்தில் என் வீட்டாரைப் படுக்கவைக்க மாட்டேன்.

முதுகுத்தண்டு இன்னொரு பயம். தண்டுவடத்துக்கு ரத்தம் தரும் சின்னச் சின்னக் கிளைகள் பெருந்தமனியின் பின்புறத்திலிருந்து வருகின்றன. நீளமாகத் துணி போர்த்தினால் அவை அடைபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழக்கலாம். அதனால்தான் நெஞ்சு முதல் வயிறு வரையிலான பெரிய வேலைகளை இரண்டு மூன்று கட்டமாகப் பிரித்துச் செய்கிறார்கள், நடுவில் உடம்பு மாற்றுவழிகளைத் திறந்துகொள்ளட்டும் என்று. தேவைப்பட்டால் முதுகில் மெல்லிய குழாய் வைத்துத் தண்டுவட நீரின் அழுத்தத்தைக் குறைப்பார்கள், ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியே வைத்திருப்பார்கள். ஐ.சி.யூ.வில் மணிக்கொருதரம் நர்ஸ் வந்து கேட்பது ஒன்றுதான்: “ஐயா, ரெண்டு காலையும் அசைங்க பாப்போம்.” வலிக்கிறதா என்று கேட்பதைவிட அந்தக் கேள்விக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம்.

பணம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு இதய ஸ்டென்ட்களுக்கு உச்சவிலை வைத்தது. சாதாரணக் கம்பி ஸ்டென்ட் ரூ.7,260, மருந்து தடவியது ரூ.29,600. அதுவரை லட்சத்தைத் தாண்டி விற்றவை ஒரே நாளில் இறங்கின. அந்த உத்தரவு இதயக்குழாய் ஸ்டென்ட்களுக்கானது. பெருந்தமனிக்கான ஸ்டென்ட் கிராஃப்ட் அதில் வரவில்லை. அது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு, பல லட்சம் ரூபாய். ஜன்னலுக்கு ஜன்னல் போகும் சின்ன ஸ்டென்ட்களுக்குத் தனி பில். ‘ஸ்டென்ட்டுக்குத்தான் விலை குறைச்சுட்டாங்களே’ என்று பில் கவுண்டரில் நிற்கும் மகனுக்கு இதை விளக்குவது கஷ்டம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையமும் சென்னையின் டிடிகே குழுமமும் சேர்ந்து இதய வால்வை உள்நாட்டிலேயே செய்து, 1990இல் முதல் நோயாளிக்கு வைத்து, இறக்குமதி வால்வின் விலையில் சிறு பங்குக்குக் கொடுத்தார்கள். கம்பியும் துணியும் சேர்ந்த இந்தக் குழாய்க்கும் அப்படி ஒரு முயற்சி வேரூன்ற வேண்டும். திருப்பூரும் கரூரும் உள்ள மாநிலத்தில் துணி தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. குறைவது துணிக்காரரையும் டாக்டரையும் ஒரே அறையில் உட்காரவைக்கும் ஏற்பாடு.

பலன் எப்படி? பிரிட்டனில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வின் முதல் முடிவு 2004இல் வந்தது. சிகிச்சைக்குப் பின் 30 நாளுக்குள் இறந்தவர்கள், வயிற்றைத் திறந்தவர்களில் 4.7 சதவீதம், குழாய் வழியில் 1.7 சதவீதம். எல்லோரும் குழாய் வழிக்கே ஓடினார்கள். அதே நோயாளிகளைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்டபோது கணக்குத் திரும்பியிருந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு, திறந்து தைத்துக்கொண்டவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். காரணங்களில் ஒன்று, உள்ளே நிற்கும் குழாய்க்கு மேலும் கீழும் தமனி தொடர்ந்து விரிகிறது, பிடி தளர்கிறது, குழாய் நழுவுகிறது, பின்பக்கக் கிளைகளிலிருந்து ரத்தம் திரும்பி வந்து பழைய வீக்கத்தை நிரப்புகிறது. ஆகவே உடம்பு தாங்கும் அறுபது வயதுக்காரருக்குப் பழைய வழி இன்னும் நல்ல வழியாக இருக்கலாம். இதை வெளிப்படையாகச் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். கருவியின் பெயர், அளவு, வரிசை எண், வைத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒரு மாதத்தில் ஒரு சி.டி., பிறகு வருஷத்துக்கு ஒன்று. சிறுநீரகம் பலவீனமென்றால் அல்ட்ராசவுண்ட். உயிருள்ள வரை. முதல் வருஷம் குடும்பமே காரில் வரும். அதற்கடுத்து, “அப்பாதான் நல்லா இருக்காரே, பீச்சுல வாக்கிங் எல்லாம் போறாரே டாக்டர், இந்தத் தடவை விட்டுடலாமா?” என்று போன் வரும். வீக்கம் மறுபடி நிரம்பினாலும் அப்பா பீச்சில் நடந்துகொண்டுதான் இருப்பார். முதல் தடவையும் அவருக்கு வலிக்கவில்லை. ஐந்து மில்லிமீட்டர் பெருத்திருக்கிறதா இல்லையா என்பது ஸ்கேனுக்குத்தான் தெரியும்.